அக்னிவீர், சிஆர்பிஎஃப், போலீஸ், ஆபீசர்: கிராமத்து பசங்க எதுக்கு போறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகறதுக்குள்ள எங்க வேலூர் பக்கத்து கிராமங்கள்ல வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு தான், பையன் மிலிட்டரிக்கு போறானா இல்லையான்னு. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு, ராணுவப்பேட்டைன்னே பேரு வாங்கின ஊரு, தாத்தா அப்பா பையன்னு வரிசையா யூனிஃபார்ம் போட்ட குடும்பங்கள் அங்க சர்வசாதாரணம். அங்க மட்டும் இல்ல, திருவண்ணாமலை, தேனி, ராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரின்னு எந்த மாவட்டத்துக்கு போனாலும் விடியக்காலைல ரோட்டோரமா ஓடிட்டு இருக்கற பசங்கள பாக்கலாம்.

முன்னாடி இந்த முடிவு ரொம்ப சுலபம். ராலில, அதாவது ராணுவம் ஆள் எடுக்கற முகாம்ல ஓடி, மெடிக்கல் பாஸ் ஆகி, எழுத்துத் தேர்வுல தேறிட்டா குறைஞ்சது 15 வருஷம் சர்வீஸ், அதுக்கப்புறம் பென்ஷன், கான்டீன் கார்டு, எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டால பேங்க்லயோ ரயில்வேலயோ ரெண்டாவது வேலை. முப்பத்தஞ்சு வயசுல ஊருக்கு வந்து வீடு கட்டி உக்காந்துடலாம். கொரோனாவால ரெண்டு வருஷம் ஆள் எடுக்கறதே நின்னு போச்சு, அப்புறம் 2022 ஜூன் 14-ஆம் தேதி சிப்பாய்கள நாலு வருஷத்துக்கு மட்டும் எடுக்கற அக்னிபத் திட்டத்த அறிவிச்சாங்க, அதுல சேர்றவங்க தான் அக்னிவீர், அன்னைல இருந்து கணக்கே வேற ஆயிடுச்சு. ஆனா பெரியவங்க இன்னும் பழைய கணக்குலயே பேசறாங்க, பசங்களும் அதையே கேட்டுட்டு ஓடறாங்க, அதனால தான் இத விரிவா எழுதறேன்.

ஒண்ண முதல்லயே சொல்லிடறேன். நாட்டுப்பற்று யாருக்கு ஜாஸ்திங்கறத வச்சு இத முடிவு பண்ணாதீங்க. 2020 ஜூன்ல கல்வான் பள்ளத்தாக்குல 20 பேர் வீரமரணம் அடைஞ்சாங்க, அதுல ஒருத்தர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்காரர், ராணுவ ஹவில்தார். 2019 பிப்ரவரி 14 புல்வாமால 40 சிஆர்பிஎஃப் (மத்திய ரிசர்வ் போலீஸ் படை) வீரர்கள் இறந்தாங்க, அதுல ரெண்டு பேர் நம்ம ஆளுங்க, ஒருத்தர் தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி, இன்னொருத்தர் அரியலூர் மாவட்டம் கார்குடி. மூணு ஊர்லயும் ஒரே கொடி தான் போத்தினாங்க, சுத்துப்பட்டு ஊரே திரண்டு அழுதுச்சு, எல்லாரையும் ராணுவ வீரர்னு தான் நம்ம ஜனங்க சொன்னாங்க. ஆனா சர்க்கார் காகிதத்துல ராணுவம்ங்கறது பாதுகாப்பு அமைச்சகம், சிஆர்பிஎஃப்ங்கறது உள்துறை அமைச்சகம், பென்ஷன் விதி வேற, லீவு வேற, ரிட்டையர் ஆகற வயசு வேற. பற்று ஒண்ணு தான், கைக்கு வர்ற காகிதம் தான் வேற வேற. அதனால ஒப்பிட்டு பாக்க வேண்டியது அந்த காகிதத்த தான்.

பேச்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்து சுவத்துல சாஞ்சு நின்னு உயரத்த அளந்துடுங்க, சும்மா சொல்லல. தமிழ்நாட்டு பசங்களுக்கு ராணுவத்துல அக்னிவீர் ஜெனரல் டியூட்டிக்கு (பொதுவான சிப்பாய் வேலை) 166 செமீ வேணும். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் மாதிரி துணை ராணுவப் படை எல்லாத்துக்கும் சேத்து மத்திய பணியாளர் தேர்வாணையம் நடத்தற எஸ்எஸ்சி ஜிடி கான்ஸ்டபிளுக்கு 170, எஸ்டி பிரிவுக்கு மட்டும் 162.5. தமிழ்நாடு போலீஸுக்கும் 170 தான், எஸ்சி எஸ்டிக்கு 167. அப்ப 168 செமீ இருக்கற ஒரு பிசி பையனுக்கு சிஆர்பிஎஃப்பும் கிடையாது போலீஸும் கிடையாது, அக்னிவீர் உண்டு. இது தெரியாம ரெண்டு வருஷம் அகாடமில காசு கட்டி படிச்சுட்டு கடைசில அளக்கற இடத்துல திரும்பி வந்த பசங்கள நான் பாத்துருக்கேன், அந்த முகத்த பாக்கவே முடியாது. ஆனா ஆபீசரா போறதுக்கு ஆம்பள பசங்களுக்கு 157 செமீ இருந்தாலே போதும்ங்கறது எத்தன பேருக்கு தெரியும்? அதுக்கு அப்புறம் வரேன்.

இப்ப அக்னிவீர். பதினேழரை வயசுல இருந்து 21 வரைன்னு கொண்டு வந்த திட்டம், முதல் வருஷம் மட்டும் 23 வரை விட்டாங்க. ட்ரெய்னிங் எல்லாம் சேத்து மொத்தம் நாலு வருஷம். முதல் வருஷம் மாசம் 30,000, ரெண்டாவது 33,000, மூணாவது 36,500, நாலாவது 40,000. இதுல 30 சதவீதத்த சேவா நிதிக்குன்னு பிடிச்சுக்கறாங்க, அதனால முதல் வருஷம் கைக்கு வர்றது 21,000, கடைசி வருஷம் 28,000. சாப்பாடு, தங்கற இடம் சர்க்கார் செலவு, மலைலயோ எல்லைலயோ போட்டா அதுக்கு அலவன்ஸ் தனி, அதனால செலவாளியா இல்லாத பையன் வீட்டுக்கு மாசாமாசம் நல்ல தொகை அனுப்பலாம். நாம போடற அளவுக்கு சர்க்காரும் போடுது, நாலு வருஷ முடிவுல வட்டியோட சுமார் 11.71 லட்சம், வரி கிடையாது.

எங்க பக்கம் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு போற 18 வயசு பையனோட ஒப்பிட்டா இது பெரிய காசு தான், அத நான் மறுக்கவே மாட்டேன். கம்பெனில நாலு வருஷம் வேலை பாத்து யாரு 11 லட்சம் சேத்தா? பாலாறு மணலா கிடக்குது, மானாவாரி நிலத்துல கடலை போட்டு வட்டி கட்டற வீட்டுல அந்த மொத்த தொகை ஒரு தலைமுறைய நிமுத்தி விடும்.

ஆனா நாலு வருஷம் முடிஞ்ச அன்னைக்கு என்ன நடக்கும்ங்கறத யாரும் உக்காந்து பேசறதில்ல. ஒரு பேட்ச்ல அதிகபட்சம் 25 சதவீதம் பேர தான் ரெகுலர் ஆக்குவாங்க, அவங்களுக்கு இன்னும் 15 வருஷம் சர்வீஸ் உண்டு, பென்ஷன் உண்டு. மீதி நாலுல மூணு பேர் வெளிய வந்துடணும். பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, எக்ஸ் சர்வீஸ்மேன்ங்கற அந்தஸ்து கிடையாது, கான்டீன் கிடையாது, முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஹெச்எஸ் வைத்தியம் கிடையாது. தாத்தாவுக்கு இருந்தத எல்லாம் மனசுல வச்சுட்டு பேரனை அனுப்பறோம், பேரனுக்கு கிடைக்கப்போறது அது இல்ல. இன்னொண்ணு, ரெகுலர் ஆன பையனுக்கு அந்த 11.71 லட்சம் முழுசா வராது, அவன் போட்ட பங்கும் அதோட வட்டியும் தான் வரும். எப்படியும் 11 லட்சம் வரும்னு கணக்கு போட்டு முன்கூட்டியே கடன் வாங்கி தங்கச்சி கல்யாணத்த முடிக்கிற வீடுங்க இத தெரிஞ்சுக்கணும்.

லீவு வருஷத்துக்கு 30 நாள். ரெகுலர் சிப்பாய்க்கு 60 நாள் வருஷ லீவும் 30 நாள் கேஷுவலும் சேத்து 90. ஜம்மு பக்கம் போஸ்டிங் ஆன பையன் கத்ரால இருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் பிடிச்சா நம்ம ஊர் வந்து சேர மூணு நாள் ஓடிடும், பொங்கலுக்கு வந்தா ஆடித் திருவிழாவுக்கு வர முடியாது. நாலு வருஷமும் கல்யாணம் பண்ணிக்கக் கூடாது, பசங்களுக்கு அது பெரிய விஷயம் இல்ல, பொண்ணுங்க வீட்டுல இத வச்சு பேச்சு வரும்.

உயிர் போனா என்ன ஆகும்ங்கறதையும் பேசித்தான் ஆகணும், அம்மாக்கள் முன்னாடி பேச கஷ்டமா இருந்தாலும். 48 லட்சம் இன்சூரன்ஸ், அதுக்கு பையன் பிரீமியம் கட்ட வேண்டியதில்ல. டியூட்டி காரணமா இறந்தா இன்னும் 44 லட்சம், மீதி இருக்கற காலத்துக்கான சம்பளம், சேவா நிதி, எல்லாம் சேத்து ஒரு கோடிய தொடும். ரெகுலர் சிப்பாய் குடும்பத்துக்கு வர மாதிரி மாசாமாச குடும்ப பென்ஷன் கிடையாது. 2025 மே மாசம் எல்லைல நடந்த ஷெல்லிங்ல நமக்கு பக்கத்து ஆந்திராவுல, ஸ்ரீ சத்ய சாய் மாவட்டத்துல ஒரு குக்கிராமத்துல இருந்து போன அக்னிவீரர் இறந்தார். குண்டு வரும்போது இவன் நாலு வருஷக்காரன், இவன் பதினஞ்சு வருஷக்காரன்னு பாத்து வராது. அதனால குடும்ப பென்ஷன அக்னிவீருக்கும் குடுத்தே ஆகணும்ங்கறது என் உறுதியான கருத்து, நாட்டுப்பற்றப் பத்தி மேடைல பேசறவங்க எல்லாரும் முதல்ல அத கேக்கணும்.

வெளிய வந்தவங்களுக்கு வழியே இல்லன்னும் சொல்ல முடியாது. துணை ராணுவத்துல அக்னிவீர்களுக்கு 10 சதவீத இடம், வயசு வரம்புல 3 வருஷ தளர்வு, முதல் பேட்ச்சுக்கு 5 வருஷம்னு 2022-லயே அறிவிச்சாங்க. ஹரியானா, உத்தரப் பிரதேசம் மாதிரி மாநிலங்கள் அவங்க போலீஸ்ல இடம் ஒதுக்கியிருக்காங்க. நம்ம மாநிலத்துல என்ன கிடைக்கும்ங்கறத சேரறதுக்கு முன்னாடியே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போய் நேர்ல கேட்டு தெரிஞ்சுக்கணும், யூடியூப்ல ஒருத்தர் சொன்னார்னு நம்பக்கூடாது. 2022 கடைசிலயும் 2023 தொடக்கத்துலயும் ட்ரெய்னிங் போன முதல் பேட்ச்சுக்கு நாலு வருஷம் முடியறது 2026 கடைசி, 2027 தொடக்கம். அந்த பசங்க எங்க போய் நிக்கறாங்கங்கறது தான் இந்த திட்டத்தோட உண்மையான ரிசல்ட்.

தேர்வு முறையும் மாறிடுச்சு, 2023-ல இருந்து முதல்ல ஆன்லைன் பரீட்சை, அதுல தேறினா தான் ராலி. ஜெனரல் டியூட்டிக்கு 50 கேள்வி, 100 மார்க், ஒரு மணி நேரம், தப்பா போட்டா மார்க் குறையும், இப்ப தமிழ்லயும் எழுதலாம். பத்தாவதுல மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்துலயும் 33-ம் இருக்கணும். அப்புறம் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், அஞ்சரை நிமிஷத்துக்குள்ள முடிச்சா முழு 60 மார்க், புல் அப்ஸ் பத்து எடுத்தா 40. நம்ம பசங்க ஓட்டத்துல அசத்திடுவாங்க, கணக்குலயும் பொது அறிவுலயும் தான் விழறாங்க. ஓடறதுக்கு குடுக்கற நேரத்துல பாதிய ஒன்பதாம் வகுப்பு பத்தாம் வகுப்பு கணக்கு, அறிவியல் புத்தகத்துக்கு குடுத்தா போதும், ஆயிரக்கணக்குல அகாடமிக்கு கட்ட வேண்டியதே இல்ல. கப்பல் படை, விமானப் படைலயும் இதே நாலு வருஷ அக்னிவீர் தான், ஆனா நேவில எஸ்எஸ்ஆர்ங்கற பிரிவு, ஏர் ஃபோர்ஸ் ரெண்டுக்கும் பிளஸ் டூல கணக்கும் பிசிக்ஸும் படிச்சவங்களுக்கு வாய்ப்பு நல்லா இருக்கு, அந்த குரூப் எடுத்த பசங்க ஆர்மிய மட்டும் பாத்துட்டு நிக்காம இதுக்கும் போடணும்.

அடுத்தது எஸ்எஸ்சி ஜிடி. கிராமத்து வீட்டுக்கு நிரந்தரம் வேணும்னா இன்னைக்கு தேதில இது அக்னிவீர விட பலமான வேலை, இத நான் தயங்காம சொல்வேன். பத்தாவது பாஸ், 18-ல இருந்து 23 வயசு, ஓபிசிக்கு 26, எஸ்சி எஸ்டிக்கு 28. அடிப்படை சம்பளம் 21,700-ல ஆரம்பிக்குது, அதுக்கு மேல டிஏ (அகவிலைப்படி), இடத்துக்கு ஏத்த அலவன்ஸ், 60 வயசு வரைக்கும் வேலை. 2004-க்கு அப்புறம் சேந்தவங்களுக்கு பழைய பென்ஷன் கிடையாது, சம்பளத்துல பிடிச்சு சேக்கற என்பிஎஸ் தான், 2025 ஏப்ரல்ல இருந்து யுபிஎஸ்னு ஒரு உறுதி பென்ஷன் திட்டத்தையும் மத்திய அரசு ஊழியருக்கு குடுத்துருக்காங்க, ரெண்டுல ஒண்ண எடுக்கணும். ராணுவத்துல ரெகுலர் ஆளுக்கு இன்னும் பழைய பென்ஷன் இருக்கும்போது, அதே பனில அதே எல்லைல நிக்கற பிஎஸ்எஃப், ஐடிபிபி ஆளுக்கு இல்லங்கறது எனக்கு ரொம்ப வருத்தம், ஆனா அக்னிவீரோட நிலைமையோட வச்சு பாத்தா இது எவ்வளவோ மேல்.

பரீட்சை முன்ன இந்திலயும் இங்கிலீஷ்லயும் மட்டும் தான் இருந்துச்சு, 2023-ல தமிழ்நாட்டுல இருந்து கடுமையா எதிர்ப்பு கிளம்புச்சு, 2024-ல இருந்து தமிழ் உட்பட 13 மாநில மொழிகள்ல நடத்தறாங்க. இது நம்ம அரசுப்பள்ளி பசங்களுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு தெரியுமா, ஆனா கிராமத்துல பாதி பேருக்கு இன்னும் சேதியே போகல. 5 கிலோமீட்டர 24 நிமிஷத்துல ஓடணும், இது ராலி ஓட்டம் மாதிரி மூச்சப் பிடிச்சுட்டு பாயற ஓட்டம் இல்ல, தம் வேணும், பயிற்சி முறையே வேற. ரெண்டுத்துக்கும் சேத்து தயாராகறவங்க வாரத்துல ரெண்டு நாளாவது நீள ஓட்டம் ஓடணும்.

கஷ்டம் என்னன்னா வேலை பாக்கற இடம். சிஆர்பிஎஃப்னா காஷ்மீர், சத்தீஸ்கர் காடு, வடகிழக்கு, நாட்டுல எங்க எலக்‌ஷன் நடந்தாலும் அங்க. பிஎஸ்எஃப்னா பாகிஸ்தான், பங்களாதேஷ் எல்லை. ஐடிபிபி சீன எல்லை, எஸ்எஸ்பி (சசஸ்திர சீமா பல்) நேபாள, பூட்டான் எல்லை. சிஐஎஸ்எஃப் மட்டும் ஏர்போர்ட், துறைமுகம், பெரிய தொழிற்சாலைன்னு ஊர் வாடை அடிக்கிற இடம். படை விருப்பம் குடுக்கும்போது யோசிக்காம வரிசையா டிக் அடிக்காதீங்க, அம்மா அப்பா உடம்பு சரியில்லாத வீடுன்னா சிஐஎஸ்எஃப்ப முன்னாடி போடுங்க. சாகசம் தான் வேணும்னா சிஆர்பிஎஃப் போடுங்க. மார்க்கு தான் கடைசில முடிவு பண்ணும், ஆனா விருப்பத்த நாம தான் எழுதறோம். இந்தி தெரியாதேன்னு பயப்படாதீங்க, முதல் ஆறு மாசம் திணறும், அப்புறம் தானா வந்துடும், நம்ம ஊர்ல இருந்து போன எல்லாரும் அப்படித்தான் கத்துக்கிட்டாங்க.

தமிழ்நாடு போலீஸ் பத்தி சுருக்கமா தான் சொல்லப்போறேன், ஏன்னா இது எல்லாருக்கும் தெரிஞ்ச வழி. இரண்டாம் நிலைக் காவலர், அடிப்படை சம்பளம் 18,200, பத்தாவது பாஸ், 26 வயசு வரை, பிசி எம்பிசிக்கு 28, எஸ்சி எஸ்டிக்கு 31. முதல்ல தமிழ் தகுதித் தேர்வு, 80 மார்க்குக்கு 40 சதவீதம் எடுத்தா தான் அடுத்த பேப்பர திருத்துவாங்க. 1500 மீட்டர 7 நிமிஷத்துல ஓடணும், கயிறு ஏறணும். நம்ம மாநிலத்துக்குள்ளயே இருக்கலாம், ராத்திரி பஸ் பிடிச்சா காலைல வீடு, அது தான் இதோட பெரிய பலம். எல்லைல நின்னா தான் நாட்டுக்கு உழைக்கிறதுன்னு இல்ல, வெள்ளத்துல இடுப்பு அளவு தண்ணில நின்னு ஜனங்கள தூக்கிட்டு வர்ற காவலரும் அதே உழைப்ப தான் உழைக்கிறார். மிலிட்டரி கிடைக்கலன்னு போலீஸுக்கு வந்தவன்னு யாராவது சொன்னா அத காதுல வாங்காதீங்க.

இப்ப ஆபீசர் வழி, இதுக்கு தான் எனக்கு ஆதங்கமே. நம்ம கிராமங்கள்ல தலைமுறை தலைமுறையா சிப்பாயா போய் நாயக், ஹவில்தார், நல்லா இருந்தா சுபேதார்னு ரிட்டையர் ஆகறாங்க, லெப்டினன்ட்டா உள்ள போன கிராமத்து பையன் எத்தன பேர் இருக்கான்? வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர், 1758-ல இருந்து வர்ற பாரம்பரியம், வீர மதராசி அடி கொல்லு அடி கொல்லுன்னு நம்ம வார்த்தைலயே போர் முழக்கம். பரங்கிமலைல ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமி, நாடு பூரா இருந்து வந்து அங்க பயிற்சி எடுத்து ஆபீசர் ஆகறாங்க, நம்ம பசங்க அந்த காம்பவுண்டு சுவர மின்சார ரயில்ல இருந்து பாத்துட்டு போறாங்க.

வழி மூணு. முதல்ல என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி), பதினாறரைல இருந்து பத்தொன்பதரை வயசுக்குள்ள, யுபிஎஸ்சி பரீட்சை, இங்கிலீஷ் இந்தி மட்டும் தான். அரசுப்பள்ளில தமிழ் வழில படிச்ச பையனுக்கு இது கடினம், பொய் சொல்ல மாட்டேன். உடுமலை பக்கம் அமராவதிநகர்ல 1962-ல இருந்து சைனிக் பள்ளி இருக்கு, ஆறாம் வகுப்புலயோ ஒன்பதாம் வகுப்புலயோ நுழைவுத் தேர்வு எழுதி சேக்கணும், அஞ்சாம் வகுப்பு படிக்கற பிள்ளைய வச்சுருக்கற வீடுங்க இத இப்பவே யோசிங்க. ரெண்டாவது சிடிஎஸ்ங்கற யுபிஎஸ்சி பரீட்சை, டிகிரிக்கு அப்புறம்.

மூணாவது தான் நம்ம பசங்களுக்குன்னே இருக்கற வழி, என்சிசி (தேசிய மாணவர் படை) ஸ்பெஷல் என்ட்ரி. காலேஜ்ல என்சிசில சேந்து சி சர்ட்டிபிகேட்ல ஏ இல்லன்னா பி கிரேடு எடுத்து, டிகிரில 50 சதவீதம் வச்சிருந்தா எழுத்துத் தேர்வே கிடையாது, நேரா எஸ்எஸ்பி இன்டர்வியூ, இது ஆபீசர் தேர்வு வாரியம், மேல சொன்ன எல்லைப் படை இல்ல. வயசு 19-ல இருந்து 25. அந்த இன்டர்வியூ அஞ்சு நாள் நடக்கும், படத்த பாத்து கதை எழுதறது, குழுவா தடைகள தாண்டறது, பேசறது, தனியா ஒரு நீண்ட நேர்காணல். இங்கிலீஷ் வேணும், ஆனா சென்னை கான்வென்ட் இங்கிலீஷ் வேணாம், நினைச்சத தடுமாறாம சொல்ற அளவு போதும். அறுவடைக்கு ஆள் சேத்து, தண்ணி முறை பிரிச்சு, திருவிழாவுக்கு வசூல் பண்ணி கணக்கு ஒப்படைச்ச கிராமத்து பையனுக்கு பொறுப்பெடுக்கறது புதுசா என்ன, அந்த அஞ்சு நாள்ல பாக்கறதே அதத்தான். தேறினா பரங்கிமலைல 49 வாரம் ட்ரெய்னிங், லெப்டினன்ட் அடிப்படை சம்பளம் 56,100, முதல்ல 10 வருஷம், அப்புறம் 14 வரை நீட்டிக்கலாம், நிரந்தரமா இருக்கவும் கேக்கலாம். முதல் தடவ திருப்பி அனுப்பினா மனசு உடையாதீங்க, ஆபீசரா இருக்கறவங்கள்லயே நிறைய பேர் ரெண்டு மூணு தடவ போய் வந்தவங்க தான்.

பொண்ணுங்களுக்கும் இதெல்லாம் திறந்து தான் இருக்கு. அக்னிவீர்ல மிலிட்டரி போலீஸ் பிரிவு, 162 செமீ. எஸ்எஸ்சி ஜிடிக்கு 157, ஓட்டம் 1.6 கிலோமீட்டர் எட்டரை நிமிஷம். தமிழ்நாடு போலீஸ் 159. ஆபீசருக்கு 152. என்டிஏல 2022-ல சேந்த முதல் பெண்கள் 17 பேர் 2025 மே மாசம் பாஸ் அவுட் ஆனாங்க. நம்ம ஊர்ல பொண்ணு காலைல ரோட்டுல ஓடினா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு அனுப்பாம விடறோம், ஸ்கூல் கிரவுண்ட காலைல ஒரு மணி நேரம் திறந்து விட்டா அந்த பிரச்சனை தீந்துடும், கிராம சபைல இத ஒரு தீர்மானமா வைக்கலாம், அதுக்கு காசு கூட செலவாகாது.

சரி, எதுக்கு தான் போறதுன்னு கேட்டா என் பதில் எந்த வாய்ப்புக்கு வயசு முதல்ல முடியுதுங்கறதுல இருந்து தொடங்கும். என்டிஏ பத்தொன்பதரைல முடியுது, அக்னிவீர் 21 வாக்குல, எஸ்எஸ்சி ஜிடி 23-ல இருந்து 28-க்குள்ள, என்சிசி என்ட்ரி 25-ல, போலீஸ் அதுக்கும் அப்புறம். பிளஸ் டூ முடிச்ச பையன் படிப்ப விட்டுட்டு ராலிக்கு மட்டும் ஓடறது தான் நான் பாக்கறதுலயே மோசமான முடிவு. பக்கத்து அரசுக் கல்லூரில என்சிசி இருக்கான்னு பாத்து அங்க டிகிரி சேருங்க, முதல் வருஷமே என்சிசி எடுங்க, படிச்சுக்கிட்டே எஸ்எஸ்சி ஜிடியும் அக்னிவீரும் எழுதுங்க, என்சிசி சர்ட்டிபிகேட்டுக்கு அதுலயும் கூடுதல் மார்க் உண்டு. ஜிடி கிடைச்சா வீட்டு நிலைமைய பாத்து போயிடலாம், இல்லன்னா மூணு வருஷ முடிவுல கைல டிகிரியும் சி சர்ட்டிபிகேட்டும் இருக்கும், ஆபீசருக்கு போடலாம்.

வீட்டுல கடன் கழுத்த நெரிக்குது, அப்பா இல்ல, மூணு வருஷம் காத்திருக்கவே முடியாது, உயரமும் 170 இல்லன்னா அக்னிவீர் போங்க, தைரியமா போங்க. ஆனா 18, 19 வயசுலயே போங்க, 21-ல போனா 25-ல வெளிய வருவீங்க, அப்ப அடுத்த வேலைக்கு வயசு நெருக்கும். உள்ள இருக்கும்போது தொலைதூரக் கல்வில டிகிரிய முடிச்சுடுங்க. கடைசில வர்ற 11 லட்சத்துல வீட்டுக்கடனுக்கு எவ்வளவு, உங்க அடுத்த படிப்புக்கு எவ்வளவுன்னு சேரறதுக்கு முன்னாடியே அம்மாகிட்ட உக்காந்து பேசி முடிவு பண்ணிடுங்க, அப்புறம் பேசினா சண்டை தான் வரும்.

எந்த படைக்கும் போக விருப்பம் இல்லாத பையனையும் விட்டுடுங்க. அண்ணன் போனான், மாமா போனார், நீ போகலன்னா ஊர்ல மரியாதை இல்லன்னு தள்ளி விடறது நாட்டுப்பற்று ஆகாது. மனசு இல்லாம போறவன் ட்ரெய்னிங்லயே உடைஞ்சு போறான், அவனுக்கும் கஷ்டம் படைக்கும் கஷ்டம். ஐடிஐ படிச்சு மெக்கானிக் ஆகட்டும், வாத்தியார் ஆகட்டும், நிலத்த பாக்கட்டும்.

புரோக்கர் விஷயம் ஒண்ணு. மெடிக்கல்ல பாஸ் போட்டுத் தரேன், ஆன்லைன் பரீட்சைல மார்க் ஏத்தித் தரேன்னு லட்சக்கணக்குல கேக்கறவங்க இருக்காங்க, எங்க பக்கத்துலயே தாலிக்கொடிய அடகு வச்சு குடுத்து ஏமாந்த வீடு உண்டு. பரீட்சை கம்ப்யூட்டர்ல நடக்குது, விரல் ரேகை எடுக்கறாங்க, அவன் ஒண்ணும் செய்ய முடியாது. பத்து பேர்கிட்ட வாங்கினா ரெண்டு பேர் தானா பாஸ் ஆவான், அந்த ரெண்டு பேர காட்டி அடுத்த வருஷம் இருபது பேர்கிட்ட வாங்குவான்.

இந்த மாசமே செய்ய வேண்டியது என்னன்னா, பத்தாவது மார்க் ஷீட்டுலயும் ஆதார்லயும் பேரு, இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, நம்ம ஊர்ல அப்பா பேர ஒண்ணுல விரிச்சு எழுதி ஒண்ணுல இனிஷியலா போட்டிருப்பாங்க, அதுல நிறைய பேர் மாட்டறாங்க. இருப்பிடச் சான்று, சாதிச் சான்று இ-சேவை மையத்துல வாங்கி வைங்க. எஸ்எஸ்சிக்கு போறவங்க பிசி எம்பிசின்னு மாநில சான்று மட்டும் வச்சுட்டு போகாம மத்திய அரசு படிவத்துல ஓபிசி சான்று தனியா வாங்கணும். டாட்டூ குத்தணும்னு ஆசைப்படற பசங்க கொஞ்சம் பொறுங்க, முன்னங்கை உட்பக்கத்தையும் புறங்கையையும் தவிர வேற இடத்துல இருந்தா ராணுவ மெடிக்கல்ல பிரச்சனை ஆகும். அரசு மருத்துவமனைல ஒரு தடவ கண், நிறக்குருடு, காது, தட்டைப் பாதம், முட்டி தட்டறது, கால் நரம்பு சுருட்டல் இதெல்லாம் காமிச்சுடுங்க, சரி பண்ணக்கூடியது எதாவது இருந்தா ராலிக்கு ஆறு மாசம் முன்னாடியே சரி பண்ணிக்கலாம்.